ஒன்பதாவது குரூப்

ஆகஸ்ட் 5, திங்கள்

ரத்த வங்கியில் முதல் நாள். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பன்னிரண்டு நிமிடம். பழைய வேலைக்கு பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அதனால்தான் விட்டேன் என்று நேர்முகத்தில் சொல்லியிருந்தேன். மருத்துவ அதிகாரி டாக்டர் மீனலோசனி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

வேலை ஒரு மாதத்துக்குத்தான். போன டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த பதிவேடுகள் மொத்தமும் ஊறிவிட்டன. தண்ணீர் வடிந்து எடுத்தபோது பக்கங்கள் அடை மாதிரி ஒட்டிக்கிடந்தனவாம். மிஞ்சியது மாடியில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். பதினெட்டு வருடமாக பலபேர் பலவிதமாகத் தட்டி வைத்த பட்டியல்கள் அதில் இருக்கின்றன. அவற்றைச் சரிபார்த்து ஒரு புதிய டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். செப்டம்பர் 2 அன்று அது ஓட ஆரம்பிக்க வேண்டும்.

ரத்தம் கொடுத்தவர்கள் 9,312 பேர்.

திரும்பும்போது மாவு வாங்க மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தங்கதுரை உப்புமா கிண்டினார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அட்டவணைகளைக் கட்டினேன். கொடையாளர்களுக்கு ஒன்று: ஆளுக்கு ஓர் எண், ஒரே எண் இரண்டு பேருக்கு வராது. ரத்தப் பைகளுக்கு ஒன்று. சோதனைகளுக்கு ஒன்று. பையானாலும் சோதனையானாலும் யாருடையது என்று அந்த ஆளின் எண்ணைச் சொன்னால்தான் உள்ளே வர முடியும். ஆளே இல்லாமல் பை மட்டும் வராது. அதேபோல, ஓர் ஆளைச் சுட்டிக்கொண்டு ஒரு சோதனையாவது இருக்கும்வரை அந்த ஆளை அழிக்கவும் முடியாது. குரூப் என்ற இடத்தில் எட்டில் ஒன்றைத்தான் எழுதலாம். ஏ, பி, ஏபி, ஓ. ஒவ்வொன்றிலும் பாசிட்டிவ், நெகட்டிவ்.

பதினேழு வருடமாக இதே வேலைதான். இருந்தாலும் இந்த விதிகளை எழுதும்போது எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. ஒரு வரிதான். எழுதிவிட்டு நாம் வீட்டுக்குப் போகலாம், வேலையை விட்டுப் போகலாம், செத்துக்கூடப் போகலாம். அது அங்கேயே நிற்கும். யார் வந்து பொருந்தாத ஒன்றைக் கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்லும். கோபம் கிடையாது, சலிப்பு கிடையாது, ஆள் பார்த்துப் பேசுவதும் கிடையாது. எனக்குத் தெரிந்த மனிதர்களில் அப்படி ஒருவரும் இல்லை. நானும் இல்லை.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

குரூப் விஷயத்தில் எட்டில் அடங்காதவை 431. டேட்டாபேஸ் அத்தனையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. பார்த்தால், ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம் தட்டியவை 388. 'பி பாஸ்', 'ஏபி போசிடிவ்' என்று விதவிதமாக எழுதியவை 38. மிச்சம் ஐந்து பேருக்கு ஓ-வுக்குப் பக்கத்தில் ஒரு எச் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. 'ஓஎச் பாசிட்டிவ்'. கை தவறியிருக்கும்.

எல்லாவற்றையும் பழைய பட்டியலிலேயே திருத்திச் சேமித்தேன். பூஜ்யங்கள் ஓ ஆயின. எச் போயிற்று. திரும்ப ஏற்றினேன். 9,312 பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

ரத்த வங்கியை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் நெல்லையப்பன் சார் திரையை எட்டிப் பார்த்து, ஒரு இடத்தில்கூட தப்பைக் காட்டும் சிவப்பு இல்லையே என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பழைய கம்ப்யூட்டரில் இருந்ததை முழுக்கப் பிரதி எடுத்தாயிற்று. நாளை அதைத் துடைத்துவிட்டு வரவேற்பு மேஜைக்குக் கொடுக்கிறார்கள்.

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ள மாட்டேன் என்கிறது. கையால் பிழிந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பத்து வருடமாக வராத கொடையாளர்களை எடுத்துவிடச் சொன்னார் செயலாளர். 2,146 பேர். அவர்கள் கொடுத்த ரத்தத்தின் விவரங்கள் பேப்பரில்தான் இருந்தன, வெள்ளத்தோடு போய்விட்டன. இனி வெறும் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய, ஆய்வுக்கு வருகிறவர்கள் முன்னால் பட்டியல் சின்னதாக, கையடக்கமாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். எனக்கும் நியாயமாகவே பட்டது. அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன்.

மறுத்துவிட்டது. சோதனை அட்டவணையில் இவர்களைச் சுட்டும் பதிவுகள் இருக்கின்றன, அழிக்க முடியாது என்றது. ஒருவரைக்கூட அழிக்கவில்லை. கட்டளை மொத்தத்தையும் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது.

தேடிப் பார்த்தேன். 2,146 பேரில் 61 பேருக்குச் சோதனைப் பதிவு இருக்கிறது. எல்லாம் சுருக்கெழுத்து: 'டிஏடி', 'ஏபிஎஸ்', 'ஏஎச்-0'. என்னவென்று சொல்லத் தெரிந்தவர் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் செய்யதலி பாத்திமா. மகளின் பிரசவத்துக்காகத் தூத்துக்குடி போயிருக்கிறார். 19-ஆம் தேதிதான் வருவார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

செயலாளருக்குக் காத்திருக்க மனமில்லை. அவருடைய மருமகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். போனில் அவரைக் கேட்டுவிட்டு வந்து, அந்தச் சரிபார்ப்பை நிறுத்திவைக்க ஒரே ஒரு வரி போதுமாமே என்றார்.

போதும். எனக்கு அந்த வரி தெரியும். நிறுத்திவைத்து, அழித்து, மறுபடியும் இயக்கிவிட்டால் வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது.

பாத்திமா வரட்டும் சார் என்றேன். அவருக்கு முகம் மாறியது. ஒரு மாதத்துக்கு வந்தவள் இப்படிச் சொன்னால் யாருக்கும் மாறும்தான். காரணம் கேட்டார். வழக்கம் சார் என்று சொல்லி வைத்தேன்.

காரணத்தை இங்கே எழுதவும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. மெஷின்காரர் வந்தார். குழாயில் சிக்கியிருந்தது தங்கதுரையின் சட்டைப் பித்தான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பாத்திமாக்கா வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். ஆளைப் பார்க்காமல் டெஸ்ட் ட்யூபைப் பார்த்துக்கொண்டே பேசுகிற பெண்மணி. பேரன் பிறந்திருக்கிறான். எல்லாருக்கும் மஸ்கோத் அல்வா கொடுத்தார். என் 61 சோதனைகளைப் பற்றிக் கேட்டதற்கு, இரண்டு வாரத்து வேலை மலைபோல் கிடக்கிறது, புதன்கிழமை உட்காரலாம் என்றார்.

ஆகஸ்ட் 21, புதன்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு நகரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு பெண்ணின் ரத்த மாதிரி வந்தது. பெயர் இசக்கியம்மாள், வயது 27, கடையத்துக்காரி. எட்டு மாதக் கர்ப்பம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. நேற்றிலிருந்து ரத்தம் போகிறது. சனிக்கிழமைக்குள் அறுவை செய்து குழந்தையை எடுத்தாக வேண்டும், அதற்குக் கையில் குறைந்தது இரண்டு பை ரத்தம் வேண்டும். அங்கே ஓ பாசிட்டிவ் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் ஓ பாசிட்டிவ் இருபத்திரண்டு பை இருந்தது.

பாத்திமாக்கா ஒரு பையை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். ட்யூபில் ரத்தம் திரிந்து கட்டி கட்டியாகிவிட்டது. இன்னொன்று. அதுவும் அப்படியே. ஏழு பை பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வேறு ஏதோ மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டார். அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டபடி நான் வாசலில் நின்றிருந்தேன்.

"ஓன்னு நெனச்சிருக்காங்க டாக்டர். ஓ இல்ல. ஓ-காரங்க ரத்தத்துலயும் எச்னு ஒண்ணு இருக்கும்லா, இவளுக்கு அதுவும் இல்ல," என்றார் பாத்திமாக்கா. "பம்பாய் குரூப்பு. பத்தாயிரத்துல ஒரு ஆளு. நம்மகிட்ட இருக்க ஒரு பையும் இவளுக்குச் சேராது."

இன்னொரு பம்பாய் குரூப் ஆளின் ரத்தம் மட்டும்தான் சேருமாம். டாக்டர் மதுரைக்கும் சென்னைக்கும் போன் போட ஆரம்பித்தார். பாத்திமாக்கா என் பக்கம் திரும்பினார். முன்னொரு காலத்தில் இங்கேயே நாலைந்து பேரைக் கண்டுபிடித்ததாகவும், தானே கம்ப்யூட்டரில் ஏற்றியதாகவும், பேர் நினைவில்லை, ஒரு டீச்சர் இருந்தார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றும் சொன்னார். "குரூப்புல ஓஎச்னு போட்டிருப்பேன். தேடிப் பாரு பிரிசி."

தேடுகிற மாதிரி விசைகளைத் தட்டினேன்.

"இல்லக்கா," என்றேன்.

அது உண்மைதான். அப்படி எதுவும் இல்லை. இல்லாமல் செய்தவள் நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பழைய கம்ப்யூட்டர் துடைக்கப்பட்டுவிட்டது. நான் எடுத்த பிரதியும் திருத்திய பிறகு எடுத்தது. பேப்பர் வெள்ளத்தில் போயிற்று. இந்த மாவட்டத்தில் எங்கோ இருக்கிற ஐந்து பேரை, பத்தாயிரத்தில் ஒருவராகப் பிறந்த ஐந்து பேரை, ஒரு எழுத்தை எடுத்து மூவாயிரம் ஓ பாசிட்டிவ் பேருக்குள் கலந்துவிட்டேன். எட்டு என்று விதி எழுதியவளும் நானே. அவர்கள் அதில் அடங்கவில்லை என்றதும் அவர்களைத்தான் வெட்டினேன். என் விதி சரியா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

இப்போது அந்தக் காரணத்தை எழுதிவிடுகிறேன். பழைய வேலையை பஸ்ஸுக்காக விடவில்லை. அது ஒரு பரிசோதனை நிலையம். ஒரு நாள் அவசரமாகப் பதிவுகளை ஏற்ற வேண்டியிருந்தபோது சரிபார்ப்பை நிறுத்திவைத்தேன். நாற்பது பேரின் முடிவுகள் ஓர் ஆள் தள்ளிப் போய் ஒட்டிக்கொண்டன. ஒரு பெண்ணிடம் நோய் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு இருந்தது. நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சாஃப்ட்வேர் கோளாறு என்றேன். நம்பினார்கள். இரண்டு மாதம் கழித்து, பஸ் ஒத்துவரவில்லை என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அவள் பெயர் எனக்குத் தெரியும். பிறகு அவள் என்ன ஆனாள் என்று கேட்கவே இல்லை.

கழிவறையில் இருந்தது இருபது நிமிடம் இருக்கும். வெளியே வந்து டாக்டரிடமும் பாத்திமாக்காவிடமும் சொன்னேன். எச்-ஐ எடுத்தது நான்தான், தப்பு என்று நினைத்து எடுத்தேன், திரும்பப் போட எதுவும் மிச்சமில்லை என்று.

டாக்டர் போனைக் கீழே வைத்தார். "சரி. அத அப்புறம் பேசலாம்," என்றார். "வேற எங்கயாவது இருக்குமா, அத யோசிங்க."

பாத்திமாக்கா என் மேஜைக்கு வந்து கேட்டார். "புதன்கிழமை உக்காரலாம்னு சொன்னேம்லா, அது எந்த டெஸ்ட்டு?"

61 வரிகளைத் திரையில் கொண்டுவந்தேன். அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார். 'ஏஎச்-0' என்ற இடத்தில் விரல் நின்றது. ஆன்ட்டி-எச். ஓ குரூப்காரர்கள் ரத்தத்தில் அதை விட்டால் நன்றாகத் திரளும். பூஜ்யம் என்றால் திரளவே இல்லை என்று அர்த்தம். அவர் கையாலேயே செய்து, அவரே எழுதிய பூஜ்யம்.

ஐந்து வரிகள். ஐந்து ஆள் எண்கள். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போனால் ஐந்து பெயர்கள், ஐந்து ஊர்கள்.

ஐந்து பேருமே செயலாளர் அழிக்கச் சொன்ன அந்த 2,146 பேருக்குள் இருந்தார்கள்.

அந்த விதியை எழுதியபோது எனக்கு பம்பாய் குரூப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 12-ஆம் தேதி அதே விதி என்னைப் பார்த்து மாட்டேன் என்றது. அதற்கும் எதுவும் தெரியாது. தெரியாமலே ஐந்து பேரையும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலை முழுக்க போன்.

முதல் எண்ணை எடுத்தது அந்த மனிதரின் மனைவி. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது என்றார். எதற்காகக் கூப்பிட்டோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அவிய இருந்தா ஓடி வந்திருப்பாவ," என்றார். இரண்டாமவர் மஸ்கட்டில். மூன்றாவது எண் பெங்களூரில் யாரோ ஒருவருடையதாகிவிட்டது.

நான்காவது, திசையன்விளையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் லூர்துராயன். 58 வயது. நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தன மணிக்கு வரணும்?" என்றார். அவ்வளவுதான்.

ஐந்தாவது, சங்கரன்கோவில் கோமதி டீச்சர். பாத்திமாக்கா சொன்ன டீச்சர். போன் எண் பழையது, செல்லவில்லை. முகவரியில் பள்ளியின் பெயர் இருந்தது. பள்ளிக்குப் போட்டேன். மாற்றலாகி வேறு பள்ளிக்குப் போய்விட்டார் என்றார்கள். அந்தப் பள்ளிக்குப் போட்டேன். வகுப்பில் இருந்தார். காத்திருந்தேன். ரத்த வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"உங்க ரத்தம் யாருக்கும் சேராதுன்னு சொல்லி அனுப்புனீங்க," என்றார். "பதினோரு வருஷமா ஒருத்தரும் கூப்பிடல. என் பேரையே அடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அடிக்கத்தான் பார்த்திருந்தோம். நாளைக் காலை வர முடியுமா என்று கேட்டேன்.

மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் டாக்டருக்குப் பதில் வந்தது. இரண்டு இடத்திலும் இப்போது கையிருப்பு இல்லை. இசக்கியம்மாளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

லூர்துராயன் எட்டு மணிக்கே வந்து வாசலில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் படியச் சீவிய தலை. கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார். கோமதி டீச்சர் முதல் பஸ் பிடித்து ஒன்பதே காலுக்கு வந்தார். பள்ளியில் அரை நாள் விடுப்பு சொல்லியிருக்கிறார்.

இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் இதற்கு முன் பார்த்ததில்லை. உறவில்லை, ஊர் வேறு, சாதி வேறு, மதம் வேறு. டீச்சர் அவரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்களுமா?" என்று கேட்டார். அவர் சிரித்தார். "எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிட்டு இருந்தேன் டீச்சர்."

டீச்சர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பைகள் நிரம்பின. தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் முடிய மதியம் ஆயிற்று. பிறகு பாத்திமாக்கா இசக்கியம்மாளின் மாதிரியோடு பொருத்திப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டார். ஏழு பைகள் கட்டி கட்டியாகிப் போனதை முந்தாநாள் பார்த்திருந்தேன். இப்போது ட்யூபை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சாய்த்தார். அடியில் படிந்திருந்த சிவப்பு புகை மாதிரி எழுந்து, சீராகக் கரைந்து, முழுக்கப் பரவியது. ஒரு துளி கட்டி இல்லை.

"பாத்தியா. ஒண்ணும் நடக்கல," என்றார்.

ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் நின்றோம். இரண்டாவது பையும் அப்படியே. இவ்வளவு வயதில் நான் கோயில், சர்ச் என்று எத்தனையோ இடத்தில் கை கூப்பி நின்றிருக்கிறேன். அந்த ட்யூபின் முன்னால் நின்றது போல் நின்றதில்லை.

ஆகஸ்ட் 24, சனி

காலை பத்தரைக்கு அறுவை. பதினொன்றே முக்காலுக்கு டாக்டருக்கு போன் வந்தது. நிறைய ரத்தம் போயிருக்கிறது. இரண்டு பையும் தேவைப்பட்டிருக்கிறது. தாய்க்கு ஆபத்து நீங்கியது. பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

டீச்சருக்கும் லூர்துராயனுக்கும் நான்தான் சொன்னேன். டீச்சர் நான் சொன்னதையே இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். தங்கதுரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பழைய இடத்தில் நடந்தது உட்பட. அவர் என் கையில் இருந்த போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

விதியைத் திருத்தினேன். எட்டு என்று இருந்த இடத்தில் பம்பாய் குரூப்பையும் சேர்த்தாயிற்று. அந்தக் குரூப்பை எழுத வேண்டுமானால் ஆன்ட்டி-எச் சோதனை அந்த ஆளின் பெயரில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காது. இனிமேல் யாராவது ஒரு குரூப்பை மாற்றினால், முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, யார், எப்போது என்று தானாகவே ஓர் அட்டவணையில் விழும். அந்த அட்டவணையிலிருந்து ஒருவரும் எதையும் அழிக்க முடியாது. நானும் முடியாது.

அதன் முதல் ஐந்து வரிகளை நானே கையால் எழுதினேன். ஆகஸ்ட் 8. ஓஎச் பாசிட்டிவ், ஓ பாசிட்டிவ் ஆக்கப்பட்டது. மாற்றியவர்: பிரிசில்லா.

செயலாளர் வந்தார். ஆள் பிழைத்துவிட்டாளே, இதை எழுத்தில் வேறு வைக்க வேண்டுமா என்று தயங்கினார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று தெரிந்தது. டாக்டர், இருக்கட்டும் சார், எழுதினதுதான் சரி என்றார். போகும்போது செயலாளர் அந்த 2,146 பேரும் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

மதியம் பழைய பரிசோதனை நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். பையில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

2,146 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறோம். இன்று 94. பாதிப் பேர் எண் மாறிவிட்டது. எடுத்தவர்களில் ஒருவர்கூட ஏன் கூப்பிட்டாய் என்று கேட்கவில்லை. ஒரு பெரியவர், தனக்கு எழுபது வயதாகிவிட்டது, இனி எடுக்க மாட்டீர்களே என்று வருத்தப்பட்டார். மாவு புளித்துவிட்டது.

செப்டம்பர் 2, திங்கள்

புதியது இன்று ஓட ஆரம்பித்தது. செயலாளர் குத்துவிளக்கு ஏற்ற ஏற்பாடு செய்திருந்தார். திரி பற்றவைக்கும் நேரத்தில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து பதினொரு பேர் இறங்கினார்கள். இசக்கியம்மாள் வீட்டு ஆட்கள். கடையத்திலிருந்து வருகிறார்கள். ஓட்டிவந்தவர் அவளுடைய அண்ணன் மாசானமுத்து.

கூடப்பிறந்தவர்களுக்கும் இதே குரூப் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று பாத்திமாக்கா மருத்துவமனையில் அவர்களிடம் சொல்லியிருக்கிறார். கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர்தான். சித்தப்பா, அத்தை, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்து ஏறி வந்துவிட்டார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். விளக்கு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

பத்துப் பேருக்கு வழக்கமான குரூப்தான். மாசானமுத்துவின் ட்யூபைப் பாத்திமாக்கா மூன்று முறை பார்த்தார். பிறகு என் மேஜைக்கு வந்து சீட்டை வைத்தார். ஏஎச்-0.

மாசானமுத்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். அதில் ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. பன்னிரண்டு வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறார். விபத்து ஏதும் நடந்திருந்தால் அதைப் பார்த்துத்தான் ரத்தம் ஏற்றத் தேடியிருப்பார்கள்.

"அப்போ இதுல இருக்கது பொய்யா மேடம்?"

"பொய்யில்லண்ணே. அந்தப் பாரத்துல உங்களுக்குன்னு ஒரு எடம் போடாம விட்டுட்டாங்க."

"இங்க போட்டிருக்கீங்களா?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். பெயர், ஊர், பிறந்த தேதி, அதன் கீழே குரூப். அவர் ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்துப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்தார்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, தங்கச்சிக்கு ரத்தம் குடுத்த அந்த டீச்சர் வருவாங்களா?"

"வருவாங்கண்ணே."

"சைக்கிள் கடைக்காரரும்."

"ஆமா."

லைசென்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்போ அவியளுக்கு ஒண்ணுன்னா நான்," என்றார்.

எண்டர் தட்டினேன். ஏற்றுக்கொண்டது.